அப்பாவை டாங்கியில் ஏற்றிய கதை

ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், அப்பாவைக் குவைத்துக்குத் திரும்பிப் போகவிடாமல் தடுக்க நான் ஒரு திட்டம் போட்டேன். அவரைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அடிமையாக்கிவிடுவது. திட்டத்துக்கு நானே ஆதாரம். கேம் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் இந்தப் பெண் எழுந்திருக்காது என்று வலங்கைமான் பக்கத்து எங்கள் ஊரில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடிக்கே எழுந்திருக்காதவர் விமானத்துக்கு மட்டும் எழுந்துவிடுவாரா என்று யோசித்தேன்.

அப்பா குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். வந்த புதிதில் அவரோடு என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெரியத் தொடங்கும்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். இந்த முறையும் பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்றார். அறுவடை மெஷின் ஓட்ட வெளியூரிலிருந்துதானே ஆள் கூட்டி வருகிறார்கள், அவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற கைக்கு இங்கே வேலை கிடைக்காமலா போய்விடும் என்று அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே ரசம் கேட்டார். அப்போதுதான் இது அம்மாவால் ஆகிற காரியமில்லை, நாம்தான் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விளையாட்டை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தது அத்தை மகன், தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அத்தான். அது ராணுவ டாங்கிச் சண்டை விளையாட்டு. மற்ற விளையாட்டுகளில் டாங்கி பைக் மாதிரிப் பறக்கும், நாலு குண்டு வாங்கினாலும் ஒன்றும் ஆகாமல் ஓடும். இது நிஜ டாங்கியைப் போலவே செய்த விளையாட்டு. எஞ்சினை முறைப்படி கிளப்ப வேண்டும். ஓட்டுகிறவருக்கு ஒரு கீற்று அளவுதான் வெளியே தெரியும். தூரத்தைக் கணித்துச் சுட வேண்டும். எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் ஒரு குண்டு வரும், அதோடு கதை முடிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அத்தான் சட்டமே வைத்திருந்தார். முதல் வாரம் பீரங்கியைத் தொடக்கூடாது. ஓட்டவும் நிறுத்தவும் மட்டும் படிக்க வேண்டும். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டும். சுட்ட இடத்திலேயே நிற்கக்கூடாது. உடம்பை மேட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டத் தெரிந்த அன்றுதான் ஒருவர் டாங்கிக்காரர். அதற்கு ஒரு மாதமாவது தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்.

எனக்கு ஒரு மாதம் ஏது? முதல் நாளே ஒரு வெற்றி கிடைத்தால்தான் ஆள் மாட்டுவார் என்று சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா கையில் நேராகப் பீரங்கியைக் கொடுத்தேன். அவர் மிகக் கவனமாகக் குறி பார்த்து எங்கள் படையின் லாரி ஒன்றையே சுட்டுத் தள்ளினார். அது எரிவதைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போயிற்று. டிரைவர் இறங்கியிருப்பானா என்று என்னைக் கேட்டார். இறங்கியிருப்பான் என்று சொல்லித்தான் அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்க முடிந்தது.

மறுநாளிலிருந்து அத்தானின் வழிக்கே வந்தேன். கீபோர்டு அப்பாவுக்கு, அவர் ஓட்டுவார். மவுஸ் எனக்கு, நான் சுடுவேன். சில நாள் அத்தானும் ஹாஸ்டலில் இருந்தபடியே இணையத்தில் எங்கள் டாங்கிக்குள் வந்து, எங்கே போக வேண்டுமென்று சொல்வார். ஓட்டுவதில் அப்பாவுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. ஹாரன் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். டாங்கிக்கு ஹாரன் கிடையாது என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எதிரிகள் ஒரு தோப்பில் இருந்தார்கள். தோப்புக்கும் எங்களுக்கும் நடுவே பெரிய வயல். வயலில் இறங்கிக் குறுக்கே போனால்தான் பிழைக்க முடியும். சாலையில் போனால் தோப்பிலிருந்து பளிச்சென்று தெரியும். அப்பா சாலையில்தான் போனார். அடி வாங்கினோம். மறுபடியும் சாலை, மறுபடியும் அடி.

"அப்பா, வயல்ல எறங்குங்க."

"பயிர் நிக்கிதேம்மா."

"அது படம்ப்பா."

"படமா இருந்தா என்ன, கதிர் வந்துடுச்சு பாரு."

அந்த நேரம் பார்த்துக் காப்பியோடு வந்த அம்மா குனிந்து, அது என்ன பயிர் என்று கேட்டாள். கோதுமை மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. நன்றாகத்தான் வந்திருக்கிறது, இன்னும் பத்து நாளில் அறுத்துவிடலாம் என்றாள் அம்மா. அந்த வருஷம் எங்கள் சம்பாவும் பால் பிடித்து நின்றது. மழை வந்து சாய்த்துவிடுமோ என்று இருவருக்கும் அதே நினைப்பு. இருவரும் திரையருகே தலையை நீட்டிக் கோதுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் டாங்கி எரிந்து முடிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்களுக்குப் பயிர் போகக்கூடாது. எனக்கு அப்பா போகக்கூடாது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? உங்களுக்கு விளையாடவே தெரியவில்லை என்று மட்டும் கத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அப்பா, காலில் சேறு காய்வதற்குள் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். அவ்வளவு பெரிய வயலுக்குத் தண்ணீர் வடிய ஒரு வழி இல்லாமல் இருக்காது, அதைக் காட்டு என்றார். வரைபடத்தைப் பெரிதாக்கினேன். வயலின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு தோப்புவரை போனது. நான் அதை வரப்பு என்று நினைத்திருந்தேன். அப்பா பார்த்ததும் வடிகால் என்றார்.

தண்ணீரில்லாத அந்த வடிகாலில் டாங்கியை இறக்கினார். ஒரு கதிர்கூடச் சாயவில்லை. இரண்டு பக்கமும் கரை எழும்பி எங்களை மறைத்துக்கொண்டது. தோப்புக்கு அருகே போய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "இப்ப பாரும்மா" என்றார். கரைக்கு மேலே எங்கள் பீரங்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் சுட்டேன். அவர் உடனே பின்னால் நகர்த்தினார். மறுபடி முன்னால் வந்தார், மறுபடி சுட்டேன். ஜெயித்தோம். அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். எனக்கு அப்போது அவரை எவ்வளவு பிடித்திருந்தது என்றால், இத்தனை நாள் இவரை யாரோ மாதிரி ஒதுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு திட்டம் தானாகவே நடந்தது. நான் பல் தேய்த்து வருவதற்குள் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். டீக்கடையில் டாங்கிக் கதை பேசினார். வயலைப் பார்க்க வந்தீர்களா, இதற்கு வந்தீர்களா என்று அம்மா திட்டியபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆள் நன்றாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

போகி அன்று வீடெல்லாம் கழுவி முடித்து, அம்மா கூடத்தில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, அத்தான் தஞ்சாவூர்லேருந்து நம்ம டாங்கில ஏறுறான்ல. ரொம்ப தூரத்துலேருந்தும் அப்படி ஏற முடியுமா?"

"எங்கேருந்து வேணாலும் ஏறலாம்ப்பா. நெட்டு இருந்தா போதும்."

எப்படி என்று காட்டச் சொன்னார். இவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயர் போடுவது, பாஸ்வேர்டு வைப்பது, நான் கூப்பிட்டால் உள்ளே வருவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எதையும் ஒரு தடவையில் பிடித்துக்கொள்கிறவர், அன்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டார். அங்கே ராத்திரி ஆகும்போது இங்கே எத்தனை மணி, நான் முழித்திருப்பேனா என்று ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "நான்தான் ஓட்டுவேன், பீரங்கிய வேற யாருக்கும் குடுத்துடாத" என்றார்.

அம்மா அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். பரங்கிக்காய் பாதியில் கிடந்தது. அவளுக்குக் கேம் என்றாலே ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வாசலுக்கு ஓடினேன். எங்கள் அப்பா இனிமேல் குவைத்துக்குப் போகவே மாட்டார் என்று அன்று சாயங்காலம் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.