தகரமும் பசையும்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூரையோரத்துப் பனியை நீளக்கம்பு வாரியால் இழுத்துத் தள்ளியது. அப்பா ரெய்னோ கங்காஸ், ஃபின்லாந்து வம்சாவளி; அமெரிக்காவின் ஹான்காக் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நான் கட்டட வெப்பப் பொறியாளர்.

"இதெல்லாம் வீண்ப்பா. சவுனா குளியலறை அடுப்போட புகைக்குழாயைச் சுத்தி கூரையில இடைவெளி இருக்கு. அது வழியா சூடு ஏறி மேல பனி உருகுது. அந்தத் தண்ணி ஓரத்துல உறைஞ்சு அணை கட்டிக்குது. தகரமும் தீ தாங்குற பசையும் வெச்சு அடைச்சாப் போதும்."

"சனிக்கிழமை சவுனாவையே குத்தம் சொல்றியா? நீயெல்லாம் ஃபின்லாந்துக்காரி!" என்று சிரித்தார். "சரி எல்மா, திங்கக்கிழமை வாங்கிட்டு வரேன்."

இரண்டுமே என் வண்டியில் இருந்தன. என் யோசனையைப் பத்து வருடம் கேலி செய்தவர் தானே கடைக்குப் போகட்டும் என்று கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அன்று சனிக்கிழமை; மாலையில் வழக்கமான நீராவிக் குளியலுக்கு அவர் சவுனா அடுப்பை மூட்டினார். ஞாயிறு காலை கூரையோரத்தில் பனிக்கட்டி தடித்து, கூடத்தில் தண்ணீர் சொட்டியது. அதை வெட்டக் கோடரியோடு ஏணியில் ஏறினார். ஏணி வழுக்கியது.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் திங்கட்கிழமைக்கான சீட்டு ஒட்டியிருந்தது. தகரம், பசை. அதற்குக் கீழே, "எந்தப் பசை? எல்மாவைக் கேட்கணும்."