சாட்டை டீச்சரின் இரண்டு கம்புகள்

ஞானசௌந்தரி டீச்சர், வீட்டில் போட்டுப் பார்க்காத கணக்கைப் போர்டில் போட்டதே கிடையாது. முப்பத்தொரு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். மறுநாள் நடத்தப்போகும் கணக்கை ஒரு தாளில் போட்டு, விடை வந்த பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோவார். பிள்ளைகள் முன்னால் ஒரு தடவைகூடத் தப்பாக எழுதி அழித்ததில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் இந்த வருடம் அவரைப் படாதபாடு படுத்தியது.

ரிட்டயரானவர்கள் வாக்கிங் போவார்கள், சர்ச் பாடகர் குழுவில் சேருவார்கள். டீச்சர் மீன் பிடிக்கப் போனார். அதுவும் புழுவைக் கோத்து உட்கார்ந்திருக்கிற தூண்டில் இல்லை. நியூசிலாந்திலிருந்து வந்த நாத்தனார் மகன் விட்டுவிட்டுப் போன ஃபிளை ராட். கோழி இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சிதான் அதற்கு இரை. பூச்சிக்கு எடையே கிடையாது. லைன் எனும் கனமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசி, அந்த வேகத்தில் பூச்சியைப் பறக்கவிட வேண்டும். முடிச்சூர் ஏரிக்கரையில் காட்டன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் வீசுவதைப் பார்த்த ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அவர் ஜிலேபி மீனாகப் பிடித்துத் தள்ள ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ‘சாட்டை டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் டீச்சருக்கு உள்ளுக்குள் இனித்தது. நல்லாசிரியர் விருதுகூட அவ்வளவு இனித்ததில்லை.

ஆகஸ்டில் வலது தோள் இறுகிப்போனது. முப்பத்தொரு வருடம் போர்டில் எழுதிய தோள். ஜாக்கெட் போடுவதற்குக்கூடக் கணவர் சத்தியநாதன் கை கொடுக்க வேண்டியிருந்தது. தோளுக்கு மேலே கையைத் தூக்கி வீசும் வேலையெல்லாம் இனி வேண்டாம் என்று பிசியோதெரபி பெண் சொல்லிவிட்டாள். டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார். ஏரி போய்விட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

செய்தி எப்படியோ மேடவாக்கம்வரை போய் மெர்வினுக்கு எட்டியது. மெர்வின் டீச்சரின் பழைய மாணவன். இப்போது நாற்பதை நெருங்கும் ஐ.டி.காரன். லீவு கிடைத்தால் முட்டுக்காட்டில் கொடுவா மீன் பிடிக்கப் போய்விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு இரண்டு நீளமான பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“மிஸ், இது ரெண்டு கையாலயும் பிடிச்சு வீசற ராட். மேல் கை சும்மா தாங்கும், கீழ்க் கை வயித்துப் பக்கம் இழுக்கும். தோளைத் தூக்கவே வேணாம். ஒண்ணு பதினோரு அடி, ஒண்ணு பதிமூணு அடி. ரெண்டையும் வெச்சுக்கிட்டுப் பாருங்க. எது ஒத்துவருதோ அது உங்களுக்கு, மத்தது எனக்கு.”

“எது நல்லதுன்னு நீயே சொல்லேன்டா.”

“அது உங்க கையைப் பொறுத்தது மிஸ். ஆனா தண்ணியில போட்டுத்தான் பாக்கணும். தரையில போட்டுப் பாக்காதீங்க, சரியா வராது.”

டீச்சர் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கினார், மனதில் வாங்கவில்லை. கணக்கில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கிய பையன் சொல்லி நாம் கேட்பதா என்று நினைத்தாரோ என்னவோ.

கம்புகள் இரண்டும் படுக்கையறை மூலையில் பீரோவை ஒட்டிச் சாய்ந்து நின்றன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார். தூக்கத்தில் ஒரு ஆறு வரும். அகலமான ஆறு, பனி மூடியிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் டீச்சர் நிற்பார். கையில் கம்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது, லைன் மட்டும் தானாக எழுந்து மெதுவாகச் சுருள் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும், அக்கரை வரவே வராது. அந்த ஆறு முடிச்சூர் ரோட்டின் கடைசியில்தான் இருந்தது. கரையில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. அதைப் பற்றிக் கனவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. விழித்தால் தோள் வலிக்கும்.

ஒரு நோட்டு எடுத்து ஏரியின் அகலம், கம்பின் நீளம், எடை, கோணம் எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் போட்டார். பதிமூன்று அடி என்று விடை வந்தது. விடை வந்தால் போதுமா, சரிபார்க்க வேண்டாமா? ஏரிக்குப் போகலாம். ஆனால் அங்கே ஆட்கள் இருப்பார்கள். சாட்டை டீச்சர் தடுமாறுவதை அவர்கள் பார்ப்பார்கள். ஆகவே மொட்டைமாடிக்குப் போனார்.

வலது கையைக் கீழே வைத்து, இடது கையை மேலே வைத்துப் பழகினார். மூன்று வாரம், தினமும் காலையில். லைன் ஒரு நாளும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. சிமென்டில் வழுக்கிக்கொண்டு வந்து காலைச் சுற்றியது, துணிக் கொடியைச் சுற்றியது, தண்ணீர் டேங்கைச் சுற்றியது. பதிமூன்று அடியும் அப்படித்தான், பதினோரு அடியும் அப்படித்தான். இரண்டு கம்பிலும் ஒரே தப்பு வந்தால் தப்பு கம்பில் இல்லை, ஆளிடம்தான் என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

எதிர்வீட்டுக் குமரவேல் ஏரிக்குப் போகும்போது ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டார். அந்தக் காலத்தில் இந்தத் தெரு முழுக்க அவர்கள் குடும்பத்து வயல். இப்போது மூன்று வீட்டு வாடகை வருகிறது; மீன் பிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

“இன்னா டீச்சர், ஏரி பக்கம் ஆளையே காணோம்?”

“வரேன் குமரவேல். கொஞ்சம் வேலை.”

அன்றைக்குச் சாயங்காலம் கம்புகளைக் கழற்றிப் பைகளில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“மெர்வினை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றார் கணவரிடம். “என் தோளு முடிஞ்சுபோச்சு.”

“ஒரே ஒரு தடவை ஏரியில போய்ப் போட்டுப் பாத்துட்டு...”

“அத்தனை பேர் முன்னாடியா?”

சத்தியநாதன் அதோடு நிறுத்திக்கொண்டார். முப்பத்து நாலு வருட அனுபவம். சமையலறையில் டீச்சர் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை வருகிறேன் என்றான் மெர்வின். வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் விடாமல் பெய்து சனிக்கிழமை விடியும்போது நின்றது. டீச்சர் கதவைத் திறந்தார். தெருவைக் காணோம். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை டீ நிறத்தில் தண்ணீர், அசையாமல் கிடந்தது. எதிர்வீடு தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. கரண்ட் இல்லை. ஷேர் ஆட்டோ சத்தம் இல்லை. தினமும் உயிரை வாங்கும் விமானப்படைப் பயிற்சி விமானங்கள்கூட இல்லை. யாருடைய வீட்டு நீல முக்காலியோ ஒன்று, எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாமல் மிதந்துகொண்டு போனது. பழைய வெள்ளத்துக்குப் பிறகு வீட்டை உயர்த்திக் கட்டியதால் தண்ணீர் கேட்டுக்கு வெளியே, வண்டி ஏற்றும் சரிவின் பாதியில் நின்றிருந்தது. தூக்கத்தில் வரும் ஆறு வாசலுக்கே வந்துவிட்டது போலிருந்தது டீச்சருக்கு. தான் விழித்துத்தான் இருக்கிறோமா என்று ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

மெர்வின் போன் செய்தான். “ரோடெல்லாம் தண்ணி மிஸ், இன்னிக்கு வர முடியாது.”

டீச்சர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பைகளை எடுத்துவந்தார்.

“சௌந்தரி, இந்தத் தண்ணியிலயா?” சத்தியநாதன் பதறினார்.

“தண்ணியிலதானே போடச் சொன்னான்? நான் இறங்கலீங்க, சரிவுலயே நிக்கறேன்.”

தெருவில் யாராவது நடந்து வரலாம் என்று முள் கட்டவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பின்னிக்கொண்டிருந்த சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துண்டை நறுக்கி லைன் நுனியில் முடிச்சுப் போட்டார். நைட்டிமேல் துண்டைப் போர்த்துக்கொண்டு, கணக்கு சொன்னபடி பதிமூன்று அடியை முதலில் எடுத்தார்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தெருவில் உள்ள அத்தனை பால்கனியிலும் ஆட்கள். செல்போனில் சார்ஜ் இல்லை, வேறு வேலையும் இல்லை. எல்லாரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்விடலாமா என்று கால் பின்வாங்கியது. ஆனால் தண்ணீர் அப்படியே காத்திருந்தது. டீச்சர் உள்ளே போகவில்லை.

முதல் வீச்சு பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டியது. இரண்டாவது கேபிள் ஒயரைத் தொட்டது.

“மேல ஒயர் கீது டீச்சர், பாத்து!” என்று குமரவேல் மாடியிலிருந்து கத்தினார். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது பாதி தெரு போனது. கம்பு கம்பீரமாகத்தான் வளைந்தது, ஆனால் அதைத் திருப்ப வலது கை மார்புக்கு மேல் எழ வேண்டியிருந்தது, தோள் சுள்ளென்று இழுத்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பைச் சுவரில் சாய்த்தார். அறுபது வயதில் முதல் தடவையாக, ஊரே பார்க்கப் போர்டில் தப்பாகப் போட்டாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. அவருக்கே சிரிப்பு வந்தது.

பதினோரு அடியை எடுத்தார். லைனை மெதுவாக இழுத்துப் பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். இந்தத் தடவை ஒன்று புரிந்தது. லைனின் நுனியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. சிமென்டில் வழுக்கி ஓடிய அதே நுனியை, கேட்டைத் தாழ்ப்பாள் பிடிப்பது போலத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ம், இழு என்றது. வலது கையை வயிற்றுப் பக்கம் இழுத்தார். அவ்வளவுதான். லைன் தண்ணீரை விட்டு எழுந்தது, சுருள் பிரிந்தது, குமரவேல் வீட்டு கேட்டைத் தாண்டியது, மளிகைக்கடையைத் தாண்டியது, பிரிந்துகொண்டே போய் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சத்தமில்லாமல் படுத்தது. சிவப்பு நூல் கடைசியாக இறங்கியது.

தோள் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் அது ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தார். சொல்லவில்லை.

மறுபடி வீசினார். மறுபடியும். தெரு, வெள்ளம், ஆட்கள் எல்லாம் மறந்துபோனது. எத்தனை வீச்சு என்று எண்ணவும் மறந்தார், கணக்கு டீச்சர். சத்தியநாதன் கொண்டுவந்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

மளிகைக்கடை வாசலில் தண்ணீர் திடீரென்று கொப்பளித்தது. கம்பு சடாரென வளைந்தது. இரண்டு கைகளிலும், மேல் கையிலும் கீழ்க் கையிலும், வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்த விரால்.

“வுடாத டீச்சர், வுடாத!” குமரவேல் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே தொங்கக் கூவினார்.

“முள்ளே இல்ல குமரவேல்!”

மூன்று நொடி இருக்கும். கம்பளியை மென்று பார்த்து, ருசிக்கவில்லை போலும், விட்டுவிட்டது. லைன் தளர்ந்தது. தண்ணீர் வட்ட வட்டமாக விரிந்து வந்து சரிவில் தொட்டது. டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் கம்பில் இருந்தன.

“மெர்வினுக்கு என்ன சொல்லட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார் சத்தியநாதன்.

“பதிமூணை எடுத்துக்கச் சொல்லுங்க. இது என்னது.”

பிறகு டீச்சர் நிமிர்ந்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பால்கனிகளைப் பார்த்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் அந்தப் பழைய குரலில் கேட்டார்:

“பாத்தீங்களா? எல்லாரும் பாத்தீங்களா?”