பிள்ளையார் பாட்டு முடிய என்ன போடுவது?

சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்காது. பாட்டு ஓடினால் காது வெடிக்குது என்பார்கள், நின்றால் நித்திரையோ என்பார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு நாளாவது குந்தியிருந்து காது அடைபட்ட என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

எங்களுடையது கிளிநொச்சியில் ஒரு சின்ன சவுண்ட்ஸ் செற். அப்பா முதலாளி. தர்மபுரத்து ராசு அண்ணன் வயர் இழுப்பவர். ஓ.எல். சோதனை எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நான் பாட்டுப் போடுகிறவள். போன வருசத் திருவிழா வரைக்கும் மைக்கில் அறிவிப்பும் நான்தான். அந்தத் திருவிழாவில், சும்மா இருக்க மாட்டாமல், கோயில் தலைவர் ஐயாவின் குரலில், "அன்பார்ந்த அடியார்களே, அன்னதானம் ஆயத்தம்" என்று சொல்லிவிட்டேன். ஐயா ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் ஒரு இருமல் வைப்பார். நான் அந்த இருமலையும் விடவில்லை. சனம் அன்னதான மடத்துக்கு ஓடியது. மடத்தில் அப்போதுதான் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்றோடு மைக் எனக்குத் தடை. அப்பா தீர்ப்பை இப்படிச் சொன்னார்: "வாற திருவிழா வரைக்கும் உன்னைப் பற்றி ஒரு முறைப்பாடும் வரக்கூடாது. வராட்டி மைக் உனக்கு. வந்தால் சந்திக் கடைக்காரன்ர மகனுக்கு." அந்தப் பெடியன் 'ஹலோ' சொல்லவே வியர்த்து ஒழுகுகிறவன். அவனிடம் மைக்கைக் கொடுப்பதை விடக் கிணற்றில் போடலாம்.

இந்த நேரம் பார்த்து, நோர்வேயில் இருக்கிற சித்தப்பா ஆரோ வருகிற ஆளிடம் ஒரு பென் ட்ரைவ் கொடுத்தனுப்பினார். மனிசராய்ப் பிறந்தவர்கள் செத்துப்போக முன்னம் கேட்க வேண்டிய அல்பங்களாம். எல்லா நாட்டு இசையும் இருந்தது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வெட்டாமல் கேட்டு, அபிப்பிராயத்தை வொய்ஸ் மெசேஜில் அனுப்பவேண்டும் என்பது அவருடைய கட்டளை. இயர்போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருக்கிறவள் எதற்குக் காதுக்குள் எதையாவது செருகவேண்டும்? எங்கள் தொழிலில் முதலில் பிள்ளையார் பாட்டுப் போடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது முடிய என்ன போடுவது என்று ஒரு சட்டமும் இல்லை. ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் நேரமும் கிடக்கிறது.

கலியாண வீட்டில் ஜாஸ்

வட்டக்கச்சியில் ஒரு கலியாண வீடு. பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு ஜாஸ் அல்பத்தைத் தட்டினேன். சாக்ஸபோன்காரர் ஒரு பாதையால் போனார். பியானோக்காரர் அவரோடு கோபம் போல வேறு பாதையால் போனார். டிரம்ஸ்காரர் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்தால் எல்லாரும் ஏதாவது ஒரு சந்தியில் சந்திப்பார்கள் என்று பார்த்திருந்தேன். சந்திக்கவும் செய்தார்கள். சந்தித்து, சுகம் விசாரித்து, திரும்பவும் ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரிந்து போனார்கள். இது நல்லதா கூடாததா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நிற்பாட்டவும் மனம் வரவில்லை. அடுத்த தரம் எந்தச் சந்தியில் சந்திப்பார்கள் என்று அறிய வேண்டுமே.

கலியாணப் பொம்பிளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டியபடி என்னை நோக்கி வந்தார். முறைப்பாடுதான், மைக் போச்சுது என்று நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன். மனிதர் ஸ்பீக்கரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "பிள்ளை, அவையள் இன்னும் சுதி சேர்க்கினம் போல கிடக்கு. அவசரமில்லை. சேர்த்து முடியச் சொல்லுங்கோ, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறம்."

துணிக்கடையில் இரைச்சல்

முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் நானா துணிக்கடை திறந்தார். அவர் தந்த இஸ்லாமிய கீதத்தோடு தொடங்கினோம். நாடா வெட்டுகிறவர் இன்னும் வரவில்லை. நான் எலக்ட்ரோனிக் அல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டு முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். இரண்டாவது பாட்டும் அதே இரைச்சல்தான், நடுவில் பல்லி சொல்லுகிற மாதிரி 'டிக் டிக்' மட்டும் கூட. இதை ஒருவர் இருந்து யோசித்துச் செய்தாரா, அல்லது மெசினைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாரா என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, ஏணியில் நின்ற ராசு அண்ணன் பாய்ந்து இறங்கி வந்தார். அவருடைய அம்மா அப்பா மலையகத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு அவரிடம் அப்படியே இருக்கிறது. "ஏம்மா, எர்த்து போயிருச்சு. கைய வைக்காத, தள்ளி நில்லு" என்றார்.

அது பாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வயரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றது. மாட்டினால் திரும்பவும் வந்தது. அம்ப்ளிபயரைக் கழற்றி ஊதினார். வேறு வயர் போட்டார். கடைசியில் பிளக்கைப் பார்த்து, "நீ மனுசனா" என்று கேட்டார். வாசலில் நின்று இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நானா, செருப்பைக் கழற்றாமலே கதிரையில் ஏறி நின்று சொன்னார்: "மகள், பாட்டைப் பொறகு கேப்பம். மொதல்ல அந்தக் கரண்டை நிப்பாட்டுங்க, உள்ள எல்லாம் புதுச் சாறி."

பண்டிக்குப் பிடிக்காத பாட்டு

ஒரு கரப்பந்தாட்டப் போட்டிக்கு மெட்டல் அல்பம் போட்டேன். ஒரு ஆள் கத்துகிறார். ஆர் அவருக்கு அடித்தது, என்ன களவு போனது, ஒன்றும் விளங்கவில்லை. அவர் கத்தக் கத்த கிட்டார்க்காரர்கள் வேலியைப் பிடுங்குகிறார்கள். திடீரென்று எல்லாம் அடங்கி, ஒரு கிட்டார் மட்டும் மெல்ல மெல்ல வாசித்தது. மனிதர் முகம் கழுவி மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது. வந்தவர் முன்னையதை விடப் பெரிதாகக் கத்தினார். நான் ஏமாந்துபோனேன். விளையாடிய பெடியள் அன்று பந்தை அடித்த அடியில் வலையே அறுந்தது.

மைதானத்தின் பக்கத்து வயல்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அந்தக் கத்துகிற மனிதரின் பாட்டைத் தனக்கும் கொப்பி அடித்துத் தரச் சொன்னார். இரவில் காட்டுப் பண்டி வந்து நெல்லை உழக்குகிறதாம். வெடி கொளுத்தியும் போகவில்லையாம். சந்தோசமாக அடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் கண்டு, பாட்டு வேலை செய்ததா என்று கேட்டேன். அவர் மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பண்டி வரேல்லைப் பிள்ளை. என்ர மனுசியும் சாப்பாடு கொண்டு வரேல்லை."

ரெகே

இதில் மட்டும் நான் குழம்பவில்லை, ஏனென்றால் முழுதாகக் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டுக்குள் எனக்குக் கண் சொக்கிவிட்டது. பிறந்தநாள் வீட்டில், விழாவுக்குரிய பிள்ளையைத் தோளில் போட்டபடி தாய் வந்து என்னைத் தட்டி எழுப்பினா: "தங்கச்சி, அதையே திருப்பிப் போடுங்கோ, ரெண்டு நாளுக்குப் பிறகு இப்பதான் இவன் படுக்கிறான்."

சித்தப்பாவின் குரலில் சித்தப்பாவுக்கு

ராப் அல்பம் கேட்டு முடித்து அபிப்பிராயம் அனுப்பினேன்: "சித்தப்பா, அவர் தன்ர முழு வாழ்க்கையையும் சொல்லிப்போட்டார். எங்கட மினிபஸ் கொண்டக்டர் மாதிரி நல்ல வேகம். எங்க இறங்கிறது எண்டுதான் தெரியேல்லை." சித்தப்பா கோயிலுக்குள் நின்று கதைக்கிறவர் மாதிரி மெல்லிய குரலில் நீளமாக ஒரு பதில் அனுப்பினார். அதில் 'ஆழம்' வந்தது, 'வெறுமை' வந்தது, 'அந்த மௌனத்தைக் கவனிச்சியா' வந்தது. ராப்பில் எங்கே மௌனம் இருந்தது என்று நான் திரும்பத் தேடிப் பார்த்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கொஞ்சம் இருந்தது.

அடுத்த தரம் நான் மினக்கெடவில்லை. அவருடைய மூச்சு, அவருடைய இழுவை எல்லாம் போட்டு, அவர் சொன்னதையே அவருடைய குரலில் அவருக்கே அனுப்பினேன்: "அந்த ஆழம்... ம்... அந்த வெறுமை... ம்..." எந்த அல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்பதைக்கூடச் சொல்லவில்லை. பிடிபட்டுவிடுவேன் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் உடனே வந்தது, குரலில் ஒரு தழுதழுப்பு: "பாத்தியே, கேக்கக் கேக்க விளங்கும் எண்டு சொன்னனான். இண்டைக்குத்தான் நீ சரியாக் கதைக்கிறாய்."

தலைவர் ஐயா வீட்டில் ஒற்றை வாத்தியம்

திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்க, தலைவர் ஐயாவின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற அவருடைய பிள்ளைகளின் ஏற்பாடு. அதுவரைக்கும் என்னைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. "இண்டைக்கு ஒரு நாள் கையையும் வாயையும் வச்சுக்கொண்டு இரு" என்று சொல்லிவிட்டு, அப்பாவும் ராசு அண்ணனும் ஜெனரேற்றர் எடுக்கப் போனார்கள். புனல் ஸ்பீக்கர் ஐயா வீட்டுப் பனையில் ஏறி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார் பாட்டு முடிந்தது. பென் ட்ரைவில் மிச்சமாய் இருந்தது ஒரே ஒரு அல்பம். செலோ என்று ஒரு பெரிய வயலின். ஒரே ஒரு ஆள் அதைக் காலுக்கிடையில் வைத்துத் தனிய இழுக்கிறார். காலமை வெறுவயிற்றில் கேட்கச் சொல்லியிருந்தார் சித்தப்பா. கேட்டேன். அது அழுகிறதா, நல்லாகச் சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறதா என்று எனக்கு முடிவெடுக்க முடியவில்லை. ஊர் முடிவெடுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சினிமாப் பாட்டுக் கேட்டால் கொண்டாட்டம், நாதஸ்வரம் கேட்டால் தாலி, ஒற்றை வாத்தியம் தனிய இழுத்தால் ரேடியோவில் மரண அறிவித்தல். அதோடு ஐயா முந்தின கிழமை வவுனியா ஆசுபத்திரிக்குப் போய்வந்தது எல்லாருக்கும் தெரியும். புதுப் பல்லுக் கட்டத்தான் போனார் என்பது ஒருவருக்கும் தெரியாது. கேக் வெட்டும்போது சிரித்துக் காட்டத்தான் அதை ஒளித்து வைத்திருந்தார்.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா வெள்ளைச் சீலையோடு வந்து, படலை வாசலில் ஐயாவின் மனுசியைக் கட்டிப்பிடித்து அழுதா. ஆராவது கட்டிப்பிடித்து அழுதால் முதலில் அழுவது, பிறகு ஆர் என்று கேட்பது எங்கள் வழக்கம். அவாவும் சேர்ந்து அழுதா. பின்னால் வெள்ளை வேட்டிகள் வரிசையாய் வந்தன. ஒருவர் பாடை கட்டத் தென்னோலை வெட்டப் பெடியளை அனுப்பிவிட்டார். நான் பாட்டை நிற்பாட்டினேன். அது இன்னும் பிழையாய்ப் போனது. மரியாதைக்கு நிற்பாட்டினேன் என்று நினைத்துத் தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

சந்திக் கடைக்காரன் மகன் மைக்கைப் பிடித்தபடி வியர்க்கிற காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஐயாவோ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால்தான் சனம் கேட்கும். மைக் மேசையில் கிடந்தது. எடுத்தேன். இருமினேன். "அன்பார்ந்த அடியார்களே, நான் உயிரோடதான்" — இருமல் — "இருக்கிறன். எல்லாரும் கேக் சாப்பிட்டுப் போங்கோ."

முற்றத்தில் நின்ற எல்லாரும் பனையைப் பார்த்தார்கள். பிறகு அந்த அக்கா முன்னையதை விட இரண்டு மடங்காய்க் குரல் வைத்தா: "பாவி மனுசன், போகப்போறது தெரிஞ்சு முதலே ரெக்கோட் பண்ணி வச்சிட்டல்லோ போயிருக்கிறார்."

அப்போதுதான் ஐயா குளித்துவிட்டுத் துவாயோடு வந்தார். புதுப் பல்லு கன்னத்தை நிரப்பி ஆளைப் பத்து வயது குறைத்திருந்தது. என்ன நடக்குது என்று கேட்டார். பல்லுக்குள்ளால் விசில்தான் வந்தது. "ஐயான்ர தம்பியாக்கும், கொழும்பில இருந்து வந்திருக்கிறார்" என்று ஒருவர் அவருடைய கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். ஐயா திரும்பவும் முயன்றார். திரும்பவும் விசில். முற்றத்தையும் என்னையும் என் கையில் இருந்த மைக்கையும் பார்த்தார். கிட்ட வந்து, பல்லை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நான் சாகேல்லை, பல்லுத்தான் கட்டினனான் எண்டு சொல்லு" என்று என் காதுக்குள் மெல்லச் சொன்னார். அதை நான் அவருடைய குரலில் மைக்கில் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று வாயை மட்டும் அசைத்தார். இருமலுக்கு நெஞ்சிலும் கை வைத்தார். அப்போதுதான் சனம் நம்பியது. வெள்ளை உடுப்போடு வரிசையில் நின்று கேக் வாங்கியது.

அப்பா ஜெனரேற்றரோடு வந்து இறங்கி, வெள்ளைச் சீலைகளையும், தென்னோலைக் குவியலையும், மைக்கோடு நிற்கிற என்னையும் பார்த்தார். நேரே ஐயாவிடம் போய், "ஏதும் முறைப்பாடோ ஐயா?" என்றார். ஐயா பல்லைக் கழற்றித் தம்ளருக்குள் போட்டார். பழைய குரல் திரும்பி வந்தது. ஒரு இருமல் இருமிவிட்டுச் சொன்னார்: "முறைப்பாடு ஒண்டுமில்லைத் தம்பி. திருவிழா மைக்கை இவளிட்டயே குடு. நான் செத்தாலும் இவள்தான் அறிவிக்க வேணும், அப்பத்தான் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

உலகத்து அல்பம் எல்லாம் வெட்டாமல் கேட்டு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் பாட்டு என்ன சொல்லுது என்று ஒருவரும் கேட்பதில்லை, அது ஆர் வீட்டுப் பனையிலிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறார்கள்.