மேயர் கேட்ட கேள்வி

மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிற வழியில், வயலோரம் குவித்திருந்த சீனி எடுக்கிற பீட் கிழங்கின் ஈரமண் வாசம் காருக்குள் வந்தது. டென்மார்க்குக்கு வரமுதல் நாங்கள் இருந்த பிரெஞ்சுக் கிராமம் முழுக்க இதே வாசம்தான். சுற்றிவரக் கிழங்கு வயல், ஒரு சீனி ஆலை, ஒரு தேவாலயம். உலகப்போரில் செத்தவர்களின் நினைவுக்கல்லில் இருந்த பெயர்கள் அளவுக்கு ஊரில் ஆட்கள் இல்லை.

அந்தச் சின்ன ஊருக்கும் ஒரு மேயர் இருந்தார்; அப்பா அவரின் வயலில்தான் வேலை செய்தார். ஒருநாள் மேயர் சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு எங்கள் குசினிக்குள் வந்து இருந்தார்.

"உங்கட மூன்று பிள்ளையளாலதான் பள்ளிக்கூடத்தைப் பூட்டாமல் விட்டிருக்கினம். வாற வருசமும் இருப்பீங்கள்தானே?"

அவர் பிரெஞ்சில் கேட்டதை நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். டென்மார்க்கில் இருக்கிற கோல்டிங்குக்கு வரச்சொல்லிப் பெரியப்பா எழுதிய கடிதம் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன்.

கோடையில் எங்களை ரயிலடியில் கொண்டுபோய் விட்டதும் மேயர்தான். எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கை தந்தார்.

மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்திலும், பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பள்ளிக்கூடத்தை மூடுவது பற்றித்தான் கதை. தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "வாற வருசமும் மகள் இருப்பாதானே?" என்றார். நாங்கள் குடிபோக ஒடென்சே நகரத்தில் வீடு வாங்கக் கையெழுத்து வைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

"ஓம்" என்று டேனிஷில் சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.