வாசல் தொண்டு

தன் வீட்டு வேலையை ஊர் வேலை போலக் காட்டிச் செய்பவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று படித்தவர்கள் யோசிக்கட்டும். ஆம்பூரில் எங்கள் தெரு எப்போதோ வைத்துவிட்டது. அதை முதலில் வாங்கிக்கொண்டவர் என் மாமா.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத தெரு எங்களுடையது. லாரித் தண்ணீர்தான், அதுவும் தெருமுனையோடு நின்றுவிடும். அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் மாமா வீட்டுப் பின்னறையில் இருந்தோம். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. லாரி வருகிற நேரத்தில்தான் கம்பெனி வேனும் புறப்படும். தண்ணீர் வரிசையில் நின்று அம்மா வேனைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

"வயசானவங்க முனை வரைக்கும் கொடத்த தூக்கினு நடக்கணுமா? லாரி நடுத்தெருவுக்கு வரணும் சார். ஊருக்கு இந்தத் தொண்டுகூட செய்யலன்னா நான் இன்னா மனுஷன்?"

லாரி வந்தது. நடுத்தெரு என்பது, போய்ப் பார்த்தால், எங்கள் வாசல். லாரியின் ரப்பர் குழாய் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் போயிற்று.

உருது பேசும் எதிர்வீட்டம்மாவைத் தெருவே காலா, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடும். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாய் போன வழியையே பார்த்தார் அவர்.

"ஊர்த் தொண்டா தம்பி இது? வாசல் தொண்டு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "வயசானவங்களுக்குன்னு சொன்னியே, உன் டிரம்முக்கு இன்னா வயசு?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"ரொம்ப ஜாஸ்திக்கா. நடக்க முடியாது பாவம்," என்றார் மாமா.

அத்தை குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்றாள். அதையும் நடிப்பு என்றார்கள். உள்ளே நிரம்பியது எங்கள் பின்னறை டிரம். அன்று அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, ஓடாமல், நடந்தே போய் வேன் ஏறினாள்.

பள்ளிக்கூடத்தில் என்னை "வாசல் தொண்டு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அழுதுகொண்டே வந்து மாமாவிடம் சண்டை போட்டேன்.

"டிரம்மு எங்களுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாத பாப்பா. உங்கம்மா காதுலயும் இது விழக்கூடாது. பேரு ஜோராத்தான் இருக்குது, என்கிட்டயே இருக்கட்டும்."

காலா சொன்னது தப்பென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். தெருவில் மற்றவர்களுக்கு எங்களுக்குப் பிறகுதான் தண்ணீர். கிழவிகளுக்கு நடை குறைந்ததும் நிஜம். அம்மாவின் வேலை நிலைத்ததும், அந்தச் சம்பளத்தில் நான் படித்ததும் நிஜம்.

அண்ணன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட தங்கைக்கும் தெரு ஒரு பெயர் தேடும். அதற்குள் முந்திக்கொண்டு மாமா தனக்கொன்று வாங்கிக்கொண்டார். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? மாமாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தேன்.