நாளுக்கு ஒருமுறை மங்கிய நட்சத்திரம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் எனக்கு ஒரு நட்சத்திரம் ஒதுக்கினார்கள். மலைமேல் ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ எடுத்த அளவுகளை வைத்து, அதன் ஒளி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்று நான் கணக்கிட வேண்டும். கணக்கிட்டேன். ஏறத்தாழ ஒரு நாள் என்று வந்தது. ஒளி ஏறி இறங்குவதைக் காட்டிய வளைகோடு அத்தனை அழகு. என் வழிகாட்டி ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரிலிருந்து வரவிருந்த தேர்வாளருக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தத் தேர்வாளர் மனம் வைத்தால் அவரிடமே எனக்குப் பிஎச்.டி. இடம் உண்டு.

அப்பா கடலூர் கோர்ட்டில் எழுத்தர். அவர் தீர்ப்பு ஏற்கெனவே தயார். "இந்தத் தடவ சீட்டு கெடைக்கலன்னா பேங்க் பரீட்ச எழுதிடு. ஆகாசத்தப் பாத்துகினு இருந்தது போதும்."

ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று வண்டியை நிறுத்தியிருந்த காலம் அது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பஸ்தான். முதுநகர் தாண்டி ரசாயன வாடை ஏறும்போது பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். நான் மட்டும் என் உரையை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். திரையைப் பார்த்துப் பேசாதே, வளைகோடு வரும்போது கொஞ்சம் நிறுத்து, பார்ப்பவன் மூச்சு விடட்டும் என்றெல்லாம் ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வாளர் வருமுன் மாணவர்கள் எங்களுக்குள் ஓர் ஒத்திகை நடத்துவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கழுத்தறுப்பு. ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளையே சாய்க்கிற மாதிரி கேட்க வேண்டும். அங்கே கேட்டதைத் தேர்வாளர் முன்னால் யாரும் கேட்கக் கூடாது. அது துரோகம்.

அன்று கிள்ளைக்காரன் கேட்டான். பக்கத்துக் கிள்ளை ஊரிலிருந்து வருகிற என் வகுப்புத் தோழன், அதிகம் பேசாதவன். "மச்சான், நீ ராத்திரியில எடுத்த அளவ மட்டுந்தான வச்சிருக்க? அப்பறம் ஒரு நாள்னு வராம வேற என்னடா வரும்?"

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுமே ஒரு வீட்டுக்குப் போகிறவன், அந்த வீட்டில் எந்நேரமும் சாப்பிடுகிறார்கள் என்றுதான் சொல்வான். நான் கண்டுபிடித்தது நட்சத்திரத்தின் கணக்கு இல்லை, பூமி சுற்றுகிற கணக்கு. இருவரும் உட்கார்ந்து அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டோம். எதுவும் மிஞ்சவில்லை.

இருவருமாகவே ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னோம். அவர் தாளைத் தொடக்கூட இல்லை.

"இப்ப எதயும் மாத்தாத. நான் அவர்ட்ட சொல்லியாச்சு. அவுரு இதெல்லாம் கேக்க மாட்டாரு."

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. உரை நாளன்று கடைசி வரிசையில் கிள்ளைக்காரன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் இதோ கேட்கப்போகிறார் என்று தேர்வாளர் பக்கமே பார்த்தேன். வளைகோடு வந்தது. சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினேன். தேர்வாளர் தலையாட்டினார்.

"பிரமாதம். ஜூன்ல எங்கிட்ட வந்து சேந்துடுப்பா."

கைதட்டினார்கள். இந்தப் பொய் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக இவரிடம் இருக்க வேண்டும், என்றாவது ஒருநாள் இவரே கண்டுபிடிப்பார். வீரமெல்லாம் இல்லை, பயந்தான் என்னைப் பேச வைத்தது. "சார், இன்னும் ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்து, மறுகணக்கையும் சொல்லி முடித்தேன்.

தேர்வாளர் ஆசிரியர் பக்கம் திரும்பினார். "இத நீங்க பாக்கலியா?"

"பையன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல சார்" என்றார் ஆசிரியர், உண்மையாகவே வருந்துகிறவர் போல.

அதை நம்பாதவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். எங்கள் இருவரின் ஆய்வேட்டிலும் ஆசிரியர் அதுவரை கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.