ஹீற்றரின் கீழே ஒரு பேணி

டொக், டொக் என்று வெந்நீர்ச் சொட்டு பால்மாத் தகரப் பேணிக்குள் விழும் சத்தம்தான், எனக்கு எட்டு வயதாயிருந்த அந்த மாரிகாலத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது. மழைச் சத்தம்கூட அதற்குப் பிறகுதான். நாவற்குடாவில் எங்கள் குளியலறைச் சுவரில், அம்மாவின் பிள்ளைப்பேற்றை நினைத்து அப்பா ஆசையாகப் பூட்டிய வெந்நீர் ஹீற்றர், தம்பி பிறந்த மறுநாளே குழாய் வந்து பொருந்தும் நட்டின் அடியில் ஒழுகத் தொடங்கி, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல்ல" என்று அவரைப் புலம்ப வைத்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் 'துண்டு வெட்டுவார்கள்'; வீட்டுக்கு வரலாம். ஆனால் சித்தாண்டியிலிருந்து வந்திருந்த அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, பேணியை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சுடுதண்ணி இல்லாத வீட்டுக்குப் புள்ளப்பெத்தவள விட ஏலா. முப்பத்தொண்டு முடியுமட்டும் என்னோட சித்தாண்டியில இரிக்கட்டும்." அடுப்பில் தானே காய்ச்சித் தருவதாக அப்பா சொன்னபோது பெரியம்மா சிரிக்கக்கூட இல்லை. முப்பத்தொரு நாள் அம்மா இல்லாத வீட்டை நினைத்து நான் அழுதேன். அப்பாவும் அழுதிருப்பார், பெரியம்மா பக்கத்தில் நின்றதால் ஸ்பானரைத் தேடப் போனார்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி, நட்டைக் கழற்றி, மரையில் ஒழுக்கை அடைக்கும் வெள்ளை ரேப்பைச் சுற்றி இறுக்கினார். தண்ணீரைத் திறந்தால் மறுபடியும் டொக். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நட்டை இறுக்க இறுக்க ரேப் சுருண்டு வெளியே வந்து தாடிபோலத் தொங்கியது. வாவியில் எவ்வளவு சிக்குப்பட்ட வலையையும் பொறுமையாகப் பிரிக்கும் மனிதர், அந்த நட்டை வாய்க்கு வந்தபடி ஏசினார். வேறு வழியில்லாமல் நான் அம்மாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். எங்கள் வீட்டில் பழுது பார்ப்பதெல்லாம் எப்போதும் அம்மாதான்.

நடந்ததைக் கேட்டுவிட்டு, "இஞ்சாருங்க, ரேப்ப இடக்கையாலதானே சுத்தினீங்க?" என்றார் அம்மா.

அப்பா இடக்கைக்காரர், தூண்டில் நூலானாலும் எதுவானாலும் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுவார். "ஓம்" என்றார், பிடிபட்ட பிள்ளைபோல.

"அதான் அவிழுது. நட்ட எந்தப் பக்கம் இறுக்குறீங்களோ, அந்தப் பக்கத்துக்கே ரேப்பையும் சுத்துங்க. எனக்கு நாளைக்கு என்ட வீட்டுக்கு வரணும்."

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு வலக்கையால் சுற்றி, நட்டை இறுக்கித் தண்ணீரைத் திறந்தார். பெரியம்மா நட்டின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார், பேணிக்குள் பார்த்தார், மறுபடி நட்டைத் தடவினார். "காஞ்சிதான் கிடக்கு" என்றார் மனமில்லாமல். மறுநாள் அம்மா உள்ளே ஆவி பறக்கக் குளிக்க, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் கதவுக்கு வெளியே காவலிருந்தேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த ஹீற்றர் இப்போது இல்லை, பேணியும் எங்கேயோ போய்விட்டது. புதியது ஒரு சொட்டும் சிந்துவதில்லை. ஆனாலும் குளியலறைக்குள் போனால் அந்த டொக், டொக் எனக்கு இன்னும் கேட்கிற மாதிரி இருக்கும். போன மாதம் எனக்கு மகள் பிறந்தாள். சித்தாண்டிப் பெரியம்மா பழைய தீர்ப்போடு ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்குத் துண்டு வெட்டுவதற்கு முந்தின நாள் அப்பாவின் போன் வந்தது.

"புள்ள, கைய வச்சிப் பாத்திட்டன். காஞ்சிதான் கிடக்கு. நீ நம்மட வீட்டுக்கு வா."